பதினெட்டாவது வாரத்துச் சீட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடி முக்கில் உள்ள மருந்துக்கடையில் ஸாதனா பன்னிரண்டு வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறாள். மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்குத் தாங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயர் தெரியாது. "ஸாதனா தர்ற சின்ன மஞ்சள் குளிகை" என்றுதான் டாக்டரிடமே சொல்வார்கள். யார் என்ன மருந்து வாங்குகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருவர் வாங்கியதை இன்னொருவரிடம் சொன்னதாக ஒரு பேச்சு அவள்மேல் கிடையாது. ஒரு தடவை ஒரு பெண் வந்து, தன் புருஷன் என்ன மருந்து வாங்கிப் போனான் என்று கண்ணீரோடு கேட்டாள். "அவர்கிட்டயே கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள் ஸாதனா. அந்தப் பெண் மூன்று மாதம் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை.

அவளுக்கு இன்னொரு முகமும் உண்டு. எர்ணாகுளத்தில் படிக்கும்போது கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. இரண்டாம் வருஷம் முட்டி திருகிக்கொண்டது. அதோடு ஆட்டம் போயிற்று, பைத்தியம் மட்டும் போகவில்லை. முப்பத்தொன்பது வயதிலும் கல்லாவுக்குப் பின்னால் செல்போனை மருந்துப் பெட்டிமேல் சாய்த்து வைத்து மேட்ச் பார்ப்பாள். வாடிக்கையாளர் வந்தால் சத்தத்தைக் குறைப்பாள், படத்தை நிறுத்த மாட்டாள்.

கொச்சங்காடியில் ஒரு கலை விளையாட்டு கிளப் இருக்கிறது. கால்பந்து லீக் தொடங்கினால் அங்கே யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் பிரவசனப் போட்டியும் தொடங்கிவிடும். பத்து அணிகள், வாரம் ஐந்து ஆட்டங்கள், பதினெட்டு வாரம். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் சீட்டில் ஐந்து கட்டங்களிலும் எந்த அணி ஜெயிக்கும், அல்லது சமன் ஆகுமா என்று எழுதிப் போட வேண்டும். சரியான பதில் ஒன்றுக்கு ஒரு புள்ளி. கிளப் செயலாளர் ஷானவாஸ், திங்கட்கிழமை காலையில் வாசல் பலகையில் எல்லாருடைய புள்ளிகளையும் எழுதுவான். முதலில் வருபவருக்கு இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட், ஒரு கோப்பை. கோப்பை பிளாஸ்டிக்தான். ஆனால் அதை வாங்கியவரின் படம் ஒரு வருஷம் கிளப் சுவரில் தொங்கும். அந்தச் சுவரில் இதுவரை ஒரு பெண்ணின் படம் தொங்கியதில்லை.

சென்ற சீஸனில் பதின்மூன்று வாரம் முடிந்தபோது ஸாதனா நாற்பத்தாறு புள்ளி. இரண்டாவதாக இருந்த நஜ்முதீனுக்கு முப்பத்தைந்து. பதினொரு புள்ளி வித்தியாசம். சுவரில் ஆணி அடித்துவிட்டதாகவே எல்லாரும் பேசினார்கள்.

நஜ்முதீன் பழைய சாக்கு வாங்கி விற்கிறவர். கிடங்குகளுக்கு நடுவே அவருக்கு ஒரு கடை. அறுபது வயது, மாசா மாசம் பிரஷர் மாத்திரைக்கு ஸாதனாவிடம்தான் வருவார். கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்னும் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இவர் எப்படி இரண்டாவது இடம்வரை வந்தார் என்று ஸாதனா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அது சிம்பிளாக்கும் மோளே" என்றார் அவர். "காலம்பற சாயா குடிக்கிறப்ப பீவிகிட்ட ரெண்டு டீம் பேரையும் சொல்லுவேன். அவ அடுப்படியில நின்னுட்டு, எந்தப் பேரு, எந்தப் பேருன்னு கேட்பா இல்லியா? எந்தப் பேரைத் திருப்பிக் கேக்கறாளோ அதை எழுதிடுவேன்."

"ரெண்டையும் கேட்டா?"

"அப்ப சமன்."

ஸாதனா சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

பதினான்காம் வாரத்தில் தொடங்கியது சனி. முதல் இடத்தில் இருந்த அணி கடைசி இடத்து அணியோடு ஆடியது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஆனால் முதல் அணி அதற்கு முந்தின வாரமே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டது. பயிற்சியாளர் ஏழு பேருக்கு ஓய்வு கொடுத்து உட்காரவைத்தார். கடைசி அணி மூன்று கோல் போட்டது. ஸாதனாவுக்கு அந்த வாரம் ஒரே ஒரு புள்ளி.

சரி, நாம்தான் யோசிக்கவில்லை என்று அடுத்த வாரம் அதையும் கணக்கில் எடுத்தாள். தகுதி பெற்ற அணி ஓய்வு கொடுக்கும், தோற்கும் என்று எழுதினாள். அந்த வாரம் அதே பயிற்சியாளர் முழு அணியையும் இறக்கி நான்கு கோல் போடவைத்தார். எல்லோருக்கும் ஆட்டப் பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்று பேட்டி வேறு கொடுத்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்று அந்தப் பேட்டியைப் பார்த்த ஸாதனா, "போன வாரம் இந்த ஞானம் எங்கே போச்சு?" என்று செல்போனைப் பார்த்துக் கத்தினாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் திகைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

பதினாறாம் வாரம் பூஜ்யம். ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் கோல் காக்கும் கோலி எட்டாம் நிமிஷத்தில் சிவப்பு அட்டை வாங்கினான். ஒன்றில் மைதானம் முழுக்கத் தண்ணீர், பந்து உருளவே இல்லை. இன்னொன்றில் தொண்ணூற்று ஆறாவது நிமிஷம் பெனால்ட்டி. மற்ற இரண்டில் ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாத அணிகள் கைகோத்துக்கொண்டு உலாவுவதுபோல் ஆடிச் சமன் செய்தன. நஜ்முதீனுக்கு அந்த வாரம் நான்கு.

"இவாள்லாம் என்ன ஆடறா?" என்று அன்று வீட்டில் குதித்தாள். "பதிமூணு வாரம் பார்த்துப் பார்த்து, யார் எங்கே பலம், யாருக்குக் கால் வலி, யார் ரயில்ல வந்தா, யார் ஃப்ளைட்ல வந்தான்னு டைரில எழுதி வெச்சிருக்கேன். கடைசி அஞ்சு வாரம் வந்தா இது வேற ஏதோ ஆட்டம். ஃபுட்பாலே இல்லை!"

அவள் கணவன் கிருஷ்ணபிரசாத் எர்ணாகுளம் நீதிமன்றத்தில் தட்டச்சர். நாள் முழுக்கப் பிறர் சண்டையைத் தட்டச்சு செய்துவிட்டு வருபவர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். "நீயும் ஒரு பீவியைத் தேடிக்கோயேன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் அவருக்குச் சரியாகக் காப்பி கிடைக்கவில்லை.

பதினேழாம் வாரம் ஒன்றுதான். திங்கட்கிழமை ஷானவாஸ் பலகையில் எழுதினான். ஸாதனா ஐம்பது, நஜ்முதீன் ஐம்பது. நான்கு வாரத்தில் அவள் எடுத்தது நான்கு, அவர் எடுத்தது பதினைந்து. மாத்திரை வாங்க வருபவர்களெல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

கடைசி வாரத்தில் முக்கியமான ஆட்டம் கொச்சிக்கும் கண்ணூருக்கும். கொச்சி ஜெயித்தால் அரையிறுதி, இல்லாவிட்டால் வீடு. கண்ணூருக்கு எதுவும் இல்லை, ஏற்கெனவே வெளியே. மட்டாஞ்சேரி முழுக்கக் கொச்சி என்றுதான் எழுதும், அதில் சந்தேகமே இல்லை. கொச்சிக்கு லூஸியானோ இருந்தான். பிரேஸில்காரன், அந்த சீஸனில் அணி போட்ட கோலில் பாதி அவனுடையது.

ஸாதனா புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே டைரியை மூடிவிட்டு, "கண்ணூர் ஜெயிக்கும்" என்றாள்.

பிரசாத் நிமிர்ந்து பார்த்தார். "ஊர்ல இருக்கணுமா வேண்டாமா?"

"கேளுங்கோ. கட்டாயம் ஜெயிக்கணும்னு வந்த மூணு ஆட்டத்துலயும் நம்ம ஆளுகள் முதல் இருபது நிமிஷத்துல கோல் வாங்கியிருக்கா. பதட்டம். கண்ணூர்ல பாதிப் பேருக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் இன்னும் ஆகலை. உயிரைக் கொடுத்து ஆடுவா. லூஸியானோவைப் போன தடவை அந்த உயரமான தடுப்பாட்டக்காரன் அசையவே விடலை. இந்தத் தடவை எல்லாத்தையும் குறிச்சு வெச்சிருக்கேன். இது சரி."

எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் அவளுக்குத் தன் மூளைமேல் நம்பிக்கை வந்திருந்தது. பிரசாத்துக்கு அது தெரிந்தது. 

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம், கொச்சி அணியின் டிராக்சூட் போட்ட ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டினார். எர்ணாகுளத்தில் இரண்டு கடையில் முழு அளவும் கிடைக்கவில்லை, ஃபோர்ட் கொச்சியில் வீரர்கள் தங்கியிருக்கிற இடத்துக்குப் போகிற வழி இது, இங்கே இருக்குமா என்று மலையாளத்தில் கேட்டார்.

ஸாதனா சீட்டைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள், வைரஸ் மாத்திரை. கூடவே உடம்பில் தடவ காலமைன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அம்மை. மேலே நோயாளியின் பெயர் தெளிவாக இருந்தது. லூஸியானோ.

அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, வந்தவர் பதறினார். "சேச்சி, ப்ளீஸ். ஞாயிறு வரைக்கும் வெளியே…"

"இங்கே யாரோட மருந்தையும் யார்கிட்டயும் பேசறதில்லை" என்றாள் ஸாதனா. மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, எப்படிக் கொடுக்க வேண்டும், சொறியக் கூடாது, தனியறையில் வைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லி அனுப்பினாள். ஆட்டோ போனதும் நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் என் தலைல வந்து விடியறதே" என்றாள். கேட்க யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் போட்டிச் சீட்டை எடுத்தாள். நான்கு கட்டங்களை எழுதிவிட்டாள். ஐந்தாவதுக்கு வந்தபோது பேனா நின்றது.

கண்ணூர் என்று எழுத வேண்டும். அது அவள் சொந்த முடிவு, புதன்கிழமையே எடுத்தது, மருந்துச் சீட்டு வியாழக்கிழமைதான் வந்தது. இதில் என்ன தப்பு? ஆனால் இன்று எழுதும்போது கை எதை நம்பி எழுதுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. டைரியையா, காலமைனையா? அதுவும் போகட்டும். சீட்டுகளை ஷானவாஸ் சனிக்கிழமை மதியமே படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவான், இருநூறு பேர் பார்ப்பார்கள். மருந்துக்கடைக்காரி மட்டும் கண்ணூர் என்று எழுதியிருந்தால், ஏன் என்று ஒருவனாவது யோசிப்பான். அணி ஆள் கொச்சங்காடிக்கு ஆட்டோவில் வந்ததை ஒருவனாவது பார்த்திருப்பான். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலமே கண்ணூர்க்காரர்களுக்கு விஷயம் போய்விடும்.

கொச்சி என்று எழுதலாம். ஊரோடு ஒத்துப்போகலாம். ஆனால் அதுவும் பொய். ஜெயிக்காது என்று நினைத்துக்கொண்டே, மறைப்பதற்காக எழுதுகிற பொய். பதினேழு வாரமும், பூஜ்யம் வாங்கினபோதுகூட, நினைத்ததைத்தானே எழுதியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தச் சீட்டு கல்லாவில் கிடந்தது. சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கிளப்புக்குப் போய் ஷானவாஸிடம் கொடுத்தாள்.

அவன் பார்த்தான். "சேச்சி, ஒரு கட்டம் எழுதல்லியே. மறந்துட்டீங்க."

"மறக்கலை."

"கொச்சி–கண்ணூர் ஆக்கும் இது! இதுதான் மெயின்!"

"தெரியும்டா."

"காலியா விட்டா பூஜ்யம், கேட்டோ? ரூல் புக்ல உண்டு."

"அதுவும் தெரியும். நீ படம் எடுத்துப் போடு."

ஷானவாஸ் அவளையே பார்த்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது, எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "பயந்துட்டீங்களா? சேச்சிக்குப் பேடியா?" என்றான்.

ஸாதனா படி இறங்கினாள். கடைக்குப் போவதற்குள் குழுவில் நாற்பது செய்திகள். நம்ம ஊரு ஜெயிக்கும்னு எழுத மனசு வரலை, என்று ஒருவன். தோப்போம்னு எழுத தைரியம் வரலை, என்று இன்னொருவன். பெண்ணுங்களுக்குச் சேர்ந்த ஆட்டம் இல்லை இது, என்று மூன்றாவது ஒருத்தன். அந்தக் கடைசிச் செய்தியை அவள் மூன்று தடவை படித்தாள். பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி ஏன் என்றுதான் வரும்.

நஜ்முதீன் மட்டும் நேரில் வந்தார். "மோளே, எதுக்கு இது? எழுது. பன்னெண்டு ஆகல்லன்னு ஷானவாஸ்கிட்ட நான் சொல்றேன்."

"வேண்டாம் இக்கா."

"எனக்கு இப்படி ஜெயிக்க வேண்டாம்."

"அப்போ தோத்துடுங்கோ" என்றாள் ஸாதனா. அவர் முகம் வாடிப் போனதைப் பார்த்ததும் சங்கடமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

மற்ற நான்கு ஆட்டங்களில் அவளுக்கு மூன்று சரியாக வந்தது. நான்கு வாரம் கழித்து, இப்போதுதான்! நஜ்முதீனுக்கு இரண்டு. ஞாயிறு சாயங்காலம் கிளப் ஹாலில் பெரிய திரை. போகாமல் இருந்தால் இன்னும் பேசுவார்கள் என்று பிரசாத்தையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆட்டக்காரர் பட்டியல் திரையில் வந்தது. லூஸியானோ இல்லை. ஹால் முழுக்க ஓ என்று ஒரு சத்தம். ஏன், என்னவாயிற்று என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஸாதனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரசாத் அவளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

அவள் குறித்து வைத்ததெல்லாம் நடந்தது. கொச்சி பதறியது. கண்ணூர் முட்டி மோதியது, இரண்டு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. லூஸியானோ இடத்தில் இறங்கியவன் பக்கத்து ஊர்க் கும்பளங்கிக்காரன், சீஸன் முழுக்க உட்கார்ந்தே இருந்தவன். எண்பத்து மூன்றாவது நிமிஷத்தில் மூலையிலிருந்து வந்த பந்து அவன் முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. அடித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, பட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். கொச்சி அரையிறுதி.

ஹால் வெடித்தது. ஸாதனாவும் குதித்தாள், அவளும் கொச்சிக்காரிதானே. குதித்துக் கீழே வந்தபோதுதான் கணக்கு உறைத்தது. ஐம்பத்து மூன்று, ஐம்பத்து மூன்று.

ஷானவாஸ் ரூல் புக்கைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வாசித்தான். புள்ளி சமமானால், சீஸனில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவருக்கு முன்னுரிமை. அதிலும் சமமானால், ஐந்துக்கு ஐந்து எடுத்த வாரம் யாருக்கு அதிகமோ அவருக்கு. ஐந்துக்கு ஐந்து ஸாதனா இரண்டு தடவை எடுத்திருந்தாள். நஜ்முதீன் ஒரு தடவையும் இல்லை. ஆனால் அது இரண்டாவது விதி.

கோப்பையை நஜ்முதீனிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க நின்றபோது, கடன் வாங்கிய சட்டை போட்டவர்போல் நின்றார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாலத்தருகே வந்ததும் பிரசாத் மெதுவாக, "கொச்சின்னு எழுதியிருந்தா அம்பத்து நாலு. ஜெயிச்சிருப்பே" என்றார்.

"தெரியும்."

"கண்ணூர்னு தப்பா எழுதியிருந்தாலும் சமன். ரெண்டாவது விதில ஜெயிச்சிருப்பே."

"தெரியும்னேனே! எதை எழுதியிருந்தாலும் ஜெயிச்சிருப்பேன். பேனாவால ஒரு கோடு இழுத்திருந்தாலும் ஜெயிச்சிருப்பேன். போறுமா?"



"புதன்கிழமை நீ சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றார் பிரசாத். "வியாழக்கிழமை என்ன ஆச்சுன்னு கேக்கவும் போறதில்லை. ஆனா எனக்குப் பெருமையா இருக்கு."

"பெருமையை வெச்சுண்டு என்ன பண்றது? சுவர்லயா மாட்டறது?" என்றாள்.  அவர் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் லூஸியானோவுக்கு அம்மை என்று செய்தி வந்தது. பத்து மணிக்கு ஷானவாஸ் பத்திரிகையோடு கடைக்கு ஓடிவந்தான்.

"சேச்சி! சேச்சிக்கு இது முன்னாடியே—"

"உனக்கு என்ன மருந்து வேணும்?"

"மருந்து வேண்டாம். நான் கேக்கறது—"

"மருந்து வேண்டாம்னா வழியை விடு. பின்னால ஆள் நிக்கறது."

அவன் நின்றான், அவளைப் பார்த்தான், பின்னால் நின்ற ஆளைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு போனான். அவன் வாழ்க்கையில் ஒரு விஷயத்தைக் குழுவில் போடாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அதனால் யாரும் எழுதியதை அழிக்கவில்லை. ஸாதனா பயந்து கட்டத்தைக் காலியாக விட்டாள் என்பதுதான் இன்றுவரை கொச்சங்காடியில் பேச்சு.

நஜ்முதீன் இறுதி ஆட்டத்து டிக்கெட் இரண்டையும் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். அவள் தொடவில்லை. கடைசியில் பீவியே முதல் தடவையாக ஸ்டேடியத்துக்குப் போய்வந்தாள். சத்தம் தாங்கவில்லை, இனிமேல் வரமாட்டேன் என்றாளாம்.

மே மாதம் கிளப் பொதுக்குழு. ஸாதனா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். பதினான்காம் வாரத்துக்கு மேல் நடப்பது ஆட்டமே இல்லை, அணிகள் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை, அதனால் கடைசி ஐந்து வாரத்துக்குப் பாதிப் புள்ளிதான் கொடுக்க வேண்டும், காரணம் சொல்லாமல் ஒரு கட்டத்தைக் காலியாக விட ஒருவருக்கு ஒரு தடவை உரிமை வேண்டும் என்று இரண்டு தீர்மானம். உதாரணங்களோடு இருபது நிமிஷம் பேசினாள்.  பேசி முடித்ததும் நஜ்முதீன் எழுந்து, "மோளு சொல்றது நியாயம்தான். ஆனா கடைசி அஞ்சு வாரத்தை எடுத்துட்டா எங்களை மாதிரி ஒண்ணும் தெரியாதவங்க எப்படி ஜெயிக்கறது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். கைதட்டல் நிற்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. முதல் தீர்மானத்துக்கு ஆதரவு நான்கு பேர், எதிர்ப்பு முப்பத்தொன்று. இரண்டாவதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. சாயாவும் பழம்பொரியும் வந்துவிட்டது.

"இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புதிய சீஸன் தொடங்கிய வெள்ளிக்கிழமை, ஷானவாஸ் சீட்டை அவனே கடைக்குக் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போனான். மத்தியானம்வரை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு, முதல் ஆட்டத்தில் ஒரு அணியின் புதுக் கோலி இன்னும் விசா கிடைக்காமல் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது என்று தோன்றியது. பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் சின்னதாக வந்திருந்தது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். பேனாவை எடுத்தாள். ஐந்து கட்டங்களையும் நிரப்பினாள்.

அந்த வாரம் நான்கு சரி. இப்போது ஒன்பதாவது வாரம் நடக்கிறது. ஸாதனா எட்டுப் புள்ளி முன்னால் இருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் வாழ்த்தினால் அவளுக்குக் கோபம்தான் வருகிறது. "பதினாலாவது வாரம் வரட்டும், அப்பறம் பேசுங்கோ" என்று மாத்திரை அட்டையை வெடுக்கென்று கத்தரிக்கிறாள்.